பச்சையா இருந்தால் போதும்

“ஏங்க, டேங்க்கைப் பளபளன்னு தேச்சு வச்சிருக்கேன், வந்து பாருங்க!”

மாடியிலிருந்து செண்பகவல்லி கூப்பிட்டதும் கணேசபாண்டியன் கையிலிருந்த இட்லித் தட்டு நழுவியது. இரும்பு ஏணியில் தாவி ஏறினார்.

“எந்த டேங்க்கை?”

“கம்பெனி குடுத்ததைத்தான். ஆபீசரம்மா வாரப்ப உள்ள பூரா பாசி புடிச்சுக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாவ?”

“அடிப்பாவி! அந்தப் பாசியைப் பாக்கத்தாம்ளா அவ்வோ வாராவ!”

தாராவியில் அந்தச் சந்து முழுக்க இட்லி அவித்து விற்பவர்கள்தான். அரிசி கழுவிய தண்ணீர் சாக்கடையில் நாறுகிறது என்று புகார் போய், கடைகளை மூடச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்போது ஒரு கம்பெனி வீட்டுக்கு ஒரு டேங்க் கொடுத்தது. அந்தத் தண்ணீரை ஊற்றினால், உள்ளே இருக்கிற பாசி அழுக்கைத் தின்று வளரும். வளர்ந்ததைக் காயவைத்தால் உரம். இன்று ஆபீசர் பிரேமலதா மேடம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கடை பிழைக்கும்.

“பச்சையா இருந்தாப் போதும்லா?” என்றாள் செண்பகவல்லி.

கணேசபாண்டியன் பச்சைக் கலர் பொடியைக் கொட்டினார். தண்ணீர் மினுமினுத்தது.

“சர்பத் கடை மாதிரில்லா இருக்கு!”

மினுக்கைக் குறைக்க மஞ்சள்தூள் போட்டார். கிளிப்பச்சை ஆனது. கெட்டியாகவும் இல்லை. வேறு வழியில்லாமல், வியாபாரத்துக்கு வைத்திருந்த கொத்தமல்லிச் சட்னியை வாளியோடு கவிழ்த்தார்.

நிறம் இப்போது அசல் பாசி. ஆனால் டேங்க்கில் இருந்த காற்றுப் பம்பு குமிழி விட விட, பச்சைமிளகாய் வாசம் சந்து முழுக்கத் தூக்கியது.

“க்யா பாய், என்னண்ணே, சட்னியை மாடிக்குக் கொண்டுபோய்ட்டியா?” இட்லி வாங்க டப்பாவோடு கீழே நின்ற மன்சூர் அலி கத்தினார். “இட்லி எப்படித் திங்கிறது?”

அவரை விலக்கிக்கொண்டு பிரேமலதா ஏறி வந்தாள். டேங்க்கை உற்றுப் பார்த்தாள். குமிழியோடு ஒரு கறிவேப்பிலை மேலே வந்தது.

“இது என்ன?”

“நல்லாத் தின்னுச்சுல்லா மேடம்... அதான் எலை விட்டிருக்கு,” என்றார் கணேசபாண்டியன்.

பின்னாலேயே நாலு கடுகு மிதந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மேடம், கடையை மட்டும் மூட வச்சிராதீய!”

பிரேமலதா பையிலிருந்து ஒரு பச்சைப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“புதுப் பாசி. டேங்க்கைக் கழுவிட்டு இதை ஊத்துங்க. அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடறேன்.”

“இதை எதுக்கு மேடம் கையோட கொண்டு வந்தீய?”

“ஆபீசர் வர்றாங்கன்னு சொன்னா நீங்க எல்லாருமே கழுவிடுவீங்களே! மத்த நாலு வீட்டு டேங்க்லயும் புதினாச் சட்னி. தாளிச்சுக் கொட்டினது நீங்க மட்டும்தான்!”