வீட்டுக்காரர் எடை குறைக்கிறார்

"வாயைத் திறங்க."

வீட்டுக்காரர் திறக்கவில்லை. மெல்லுவதை மட்டும் நிறுத்தினார். அவர் மனைவி, டிரைவிங் டீச்சர், கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து பாதி பன்னை எடுத்து அதில் வைத்தார்.

"நம்ம ரெண்டு பேரு ரத்த டெஸ்ட்டையும் பார்த்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

"எனக்குச் சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு, எடையைக் குறைக்கணும்னாரு."

"அப்புறம் இது என்ன, மருந்தா?"

அவள் கோபம் ஊரறிந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் தப்புக்குத் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிப்பவள். மாணவர்கள் சிவப்பு விளக்கைவிட அவள் கனைப்புக்குத்தான் சட்டென்று நிற்பார்கள்.

அன்றே அவர் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். தன்னுடையதையும்தான். "நான் முழுசாத் தின்னா உங்க கண்ணு என் தட்டுலதான் இருக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். பசி மயக்கத்தில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டார். அதை மாட்டிக்கொண்டவன் நேராக டீச்சரிடம் வகுப்புக்கு வந்து, காரைப் பெட்டிக்கடைக்குள் விட்டான்.

"மேடம், ரோடு எழுந்து வருது."

"ரோடு இல்லய்யா, கடை. எந்தப் புண்ணியவான் உனக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுத்தான்?"

அவன் சொன்னான். அவளுக்குக் காது சிவந்தது.

அன்றிலிருந்து சாப்பாடு பழையபடி, கூடவே நடை. தனியே அனுப்பினால் பூங்கா பெஞ்சில் தூங்கினார். எனவே அவளும் பின்னால் போனாள். நடந்து வந்த பசியில் இரண்டு பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். நடந்ததெல்லாம் தண்ணீரில் போட்ட உப்பாயிற்று.

கிளினிக் நர்ஸைப் போனில் பிடித்துக் கத்தினாள்.

"பட்டினியும் போடாதீங்க, நடந்துட்டோம்னு அள்ளியும் வைக்காதீங்கக்கா," என்றாள் நர்ஸ். "காய், பருப்பு நிறைய. எண்ணெய், இனிப்பு கொஞ்சம். தினமும் வேர்க்க நடக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் குறையும், அதுவும் மெதுவாத்தான்."

"மெதுவா" என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. இருந்தாலும் அப்படியே செய்தாள். பூங்காவில் அவள் திட்டத் திட்ட அவர் வேகம் கூடியது. அவர் வேகம் கூடக் கூட, திட்டு காதில் விழ வேண்டுமே என்று அவளும் எட்டிப் போட்டாள். எதிரே வந்தவர்கள் புல்லில் இறங்கி வழிவிட்டார்கள்.

ஒரு நாள் பின்வாசல் வழியே நழுவிவிட்டார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்றோ. பேக்கரியில், கேக் உதட்டருகே போன நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்களுக்கு உசுரு மேல ஆசையே இல்லையா?"

"ஒரு துண்டுதானே."

"ஒரு துண்டா? நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டுறது? சொல்லுங்க."

கடையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கேக்கை வைத்துவிட்டார்.

மறுபரிசோதனைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். எடை மெஷினில் ஏறினார். முள் பழைய இடத்தைத் தாண்டி நின்றது.

"பாரும்மா, பாரு," என்று நர்ஸிடம் வெடித்தாள். "காலையில எழுந்து காய் நறுக்கி, நாயா ஓடி, தொண்டை கிழியக் கத்தினா, கூடியிருக்கு. டாக்டரைக் கூப்பிடு. இவரை நாலு வார்த்தை கேக்கட்டும்."

டாக்டர் அறையின் கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்திக்கொண்டது.

"மெஷின் கோளாறா இருக்கும்மா," என்றார் வீட்டுக்காரர்.

"கோளாறு மெஷின்லயா, வாயிலயா? இருங்க, நானே ஏறிக் காட்டுறேன்." தடாரென்று ஏறினாள்.

நர்ஸ் குனிந்து முள்ளைப் பார்த்தாள். வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் முகமும் மலர்ந்தது.

"என்ன சிரிப்பு?"

நர்ஸ் ஓரடி பின்வாங்கி நின்றுகொண்டு சொன்னாள்: "அக்கா, நல்லாக் குறைஞ்சிருக்கீங்க! டாக்டர் குறைக்கச் சொன்னது உங்களைத்தான். உங்ககிட்ட சொல்ற தைரியம் எங்க யாருக்கும் இல்லைன்னதும், 'எனக்குன்னு சொல்லிக்கறேன்'னு சாரே ஏத்துக்கிட்டாரு."