புதுசு எழுதிய ஒற்றை வரி

லிஃப்ட்களை இயக்கும் மென்பொருள் எழுதுவது எங்கள் துறையின் தலையாய பணி. முன்மாதிரியாகத் திகழ வேண்டும் என்று எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அதிலேயே ஓடவிட்டிருக்கிறோம். ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். அதனால் படியேறுகிறோம். உடம்புக்கு நல்லதாம்.

இதைச் சரிசெய்ய ஒரே வரியில் திருத்தம் எழுதியவள் புதுசு. வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது, இன்னும் அவளுக்கு அதுதான் பெயர். ஆறு மாதத்துக்குள் அவள் எழுதிய திருத்தம் ஒன்றாவது மென்பொருளில் சேர்ந்து, பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திருத்தங்களைச் சேர்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. பொத்தான், படம், பகட்டு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். எத்தனை தடவை அடித்துத் திருத்தியிருந்தாலும் அத்தனையையும் துடைத்து, ஒரே பதிவாகச் சேர்த்துவிடும். நல்ல கருவி, பொய் சொல்லக் கூடாது. இயக்குநர்தான் அதன் தலையில் மூன்று சம்மதங்களை ஏற்றிவைத்தார்: சக ஊழியர் இருவர், பிறகு அவர்.

புதுசின் திருத்தம் இயக்குநரிடமிருந்து முதலில் திரும்பி வந்தது, விளக்கக் குறிப்பில் முற்றுப்புள்ளி இல்லை என்று. அடுத்து, 'பழுது நீக்கம்' என்ற சொல் துறையின் மாண்புக்கு இழுக்கு, 'மேம்பாடு' என்று எழுதவும் என்று. ஒரு எழுத்து மாறினாலும் பழைய சம்மதங்கள் செல்லாது. சாண் ஏறினால் முழம் சறுக்கல். மூன்று வாரத்தில் நானே பதினோரு தடவை சம்மதம் கொடுத்தேன். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஆறு மாதம் முடிகிற அன்று மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். அவர் முன்னால் வியர்த்துப்போய் நிற்கக் கூடாதென்று இயக்குநர் லிஃப்டில் ஏறினார். வழக்கமான இடத்தில் அது நின்றது.

மெக்கானிக் சாவியோடு ஓடி வந்தார். கதவு இடுக்கில் இயக்குநரின் குரல் கேட்டது.

"சாவியெல்லாம் வேண்டாம்ப்பா. கையால திறந்தா பழுதுன்னு பதிவாகிடும். நம்ம லிஃப்ட்ல பழுதே கிடையாது."

புதுசு மடிக்கணினியோடு இடுக்கருகே குனிந்தாள். "சார், என் திருத்தத்துக்குச் சம்மதம் மட்டும் குடுங்க. லிஃப்ட் தானா கிளம்பிடும்."

"போன்லதான் பாத்துக்கிட்டு இருக்கேன்மா. மேம்பாட்டுக்கு முன்னாடி 'சிறப்பான'ன்னு ஒரு வார்த்தை இருந்தா எடுப்பா இருக்கும்."

"மாத்துனா மறுபடி எல்லார்கிட்டயும் போகணும் சார். இன்னைக்கு எனக்குக் கடைசி நாள்."

"நீ மாத்தாத. நானே மாத்திடறேன்."

இயக்குநர் மாற்றினால் பழைய சம்மதங்கள் ரத்தாகாது. அந்த விலக்கையும் அவரே எழுதி, அவரே சம்மதித்திருந்தார். மாற்றினார், சம்மதித்தார். புதுசு கட்டளையைத் தட்டினாள். லிஃப்ட் ஜம்மென்று கிளம்பியது. எல்லோரும் கை தட்டினோம்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். 'லிஃப்ட் இயக்கத்தில் சிறப்பான மேம்பாடு. எழுதியவர்: இயக்குநர்.' கடைசியாகக் கை வைத்தவர் பெயரில்தான் கருவி சேர்க்குமாம். புதுசைத் துடைத்துவிட்டது. இந்த வயதிலும் தானே நிரல் எழுதுகிறாரே என்று ஆய்வுக்கு வந்தவர் உருகிப்போனார்.

 இயக்குநரிடம் போய், எழுதியது புதுசு என்று சொன்னேன். இயக்குநருக்கும் நிஜமாகவே வருத்தம். "ஆனா பதிவேட்ல இல்லாததை இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? பேரை மாத்தச் சொல்லி ஒரு திருத்தம் அனுப்பச் சொல்லுங்க. முறைப்படி பாக்கலாம்" என்றார். அப்போது மணி நாலே முக்கால்.

ஐந்து மணிக்குப் பணிநீக்கக் கடிதம் வந்தது. அதற்கும் சக ஊழியர் இருவர் சம்மதம் வேண்டும். இந்தத் தடவை முழுசாகப் படித்தேன். ஒரு பிழை இல்லை. கொடுத்துவிட்டேன்.

புதுசு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியில் சுமந்துவர நான் கை நீட்டினேன்.

"வேண்டாம் சார், லிஃப்ட்லயே போயிடறேன். இப்ப நிக்காது."

நிற்கவும் இல்லை.