வரதன் இப்போது எங்கே இருக்கிறான்

இந்த நாட்டில் நாய் வாங்கப் போனவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்த நாய் என்ன நட்சத்திரம் என்று கேட்டவர், எனக்குத் தெரிந்து, எங்கள் கமாண்ட் மாமா ஒருத்தர்தான். மந்தைவெளியில் நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து அடுத்தவர்களின் ஆயுசைக் கணக்குப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் உத்தரவுதான் வரும் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் மாமிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

ரிட்டயர் ஆனவர்கள் கோயில், கச்சேரி, சர்க்கரை வியாதி என்று உருப்படியாக ஏதாவது செய்வார்கள். மாமாவுக்கு நாய் ஆசை வந்தது. அதுவும் சும்மா நாய் இல்லை, சிப்பிப்பாறை. முயல் விரட்டுவதற்கென்றே பிறந்த வேட்டை நாய். கரிசல் காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் ஓட வேண்டியதை, இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தயிர் சாதம் போட்டு வளர்ப்பதாகத் திட்டம். நம்ம நாட்டு நாயை நாமதான் ஆதரிக்கணும் என்றார். இப்படி ஆதரிக்கச் சொல்லி எந்த நாயும் மனு போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

என்னிடம் கார் இருந்த பாவத்துக்கு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் வரைக்கும் நானும் போக வேண்டியதாயிற்று. ஆறு குட்டிகள். மற்றவர்கள் என்றால் காலைப் பார்ப்பார்கள், மார்பைப் பார்ப்பார்கள். மாமா பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். எல்லாம் ஒரே வயிற்றில் ஒரே ராத்திரியில் பிறந்தவை, எல்லாமே ரோகிணிதான் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். பாதம் மாறும், லக்னம் மாறும், உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். எது முதலில் பிறந்தது, எது அடுத்தது, நடுவில் எவ்வளவு நேரம் என்று நாய்க்காரரைக் குடைய ஆரம்பித்தார்.

அந்த மனுஷர் பொறுமைசாலி. "சாமி, ராத்திரி பெத்துச்சு. விடிஞ்சு பாத்தேன், ஆறு கெடந்துச்சு. இதுக்கு மேல அந்தத் தாய்கிட்டதான் கேக்கணும்" என்றார்.

மாமா நிஜமாகவே தாயின் பக்கம் திரும்பினார். அது பல்லைக் காட்டியது. விசாரணை அத்தோடு நின்றது.

ஐந்து குட்டிகள் மாமா மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மூலையில் தூங்கியது. இதுதான் சாத்விக ஜாதகம், எங்காத்துக்குப் பொருத்தம் என்று அதைத் தூக்கிக்கொண்டார். விடிகாலையிலிருந்து ஆட்டுக்குட்டிகளை ஓட ஓட விரட்டிவிட்டு அது அப்போதுதான் அசந்து படுத்திருந்ததாம். இதை நாய்க்காரர் நாங்கள் காரைக் கிளப்பும்போதுதான் சொன்னார்.

ரோகிணிக்கு 'வ'வில் பெயர் வைக்க வேண்டும் என்று அதை வரதன் ஆக்கினார். கீழ் வீட்டு ஆடிட்டர் பெயரும் வரதன்தான். "வரதா, குரைக்காதே" என்று மாடியிலிருந்து குரல் வரும்போதெல்லாம் அவர் ஃபோனில் பேசுவதை நிறுத்திவிடுவார்.

அடுத்தது பயிற்சி. இன்டர்நெட்டில் வெள்ளைக்காரர்கள் நாய் பழக்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கட்டளையெல்லாம் இங்கிலீஷில்தான் என்று மாமா தீர்மானித்திருந்தார். நாய்க்குப் புரியாவிட்டால்? செய்து காட்டுவாராம். தினமும் காலையில் மொட்டை மாடியில் "ஸிட்" என்பார், தானே உட்காருவார். வரதன் நின்றபடி பார்க்கும். எழுந்து மறுபடி "ஸிட்" என்பார், மறுபடி உட்காருவார். பிஸ்கட் மட்டும் வரதனுக்கு. ஒரு வருஷத்தில் மாமாவின் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

துணி உலர்த்த வந்த மாமி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சித்த உக்காருங்கோன்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து கெஞ்சிண்டிருக்கேன். ஒருநாள் கேட்டதில்லை. இப்ப பாரு, நாய் நிக்கறது, இவர் உக்காந்து உக்காந்து எழுந்துக்கறார்."

இது போதாதென்று, நாய் எங்கே இருக்கிறது என்று ஃபோனில் காட்டும் கருவி ஒன்றை வாங்கி அதன் கழுத்துப் பட்டையில் மாட்டினார். அவ்வளவுதான், எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்குச் சனி பிடித்தது. 'வரதன் இப்போது பால்கனியில்.' 'வரதன் இப்போது சமையலறையில்.' நாய் அவர் காலடியில் படுத்திருக்கும்போதே செய்தி வரும். வாக்கிங் போனால் இன்னும் விசேஷம். கயிற்றின் ஒரு முனை மாமா கையில், மறுமுனையில் வரதன். மாமா ஃபோனைப் பார்த்து, வரதன் கச்சேரி ரோட்டில் இருக்கிறான் என்று எதிரே வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு போவார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். நானும் அங்கேதான் என்றார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு உண்டான முறை. வரதனும் ஆண்பிள்ளைதானே? மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், உச்சி முதல் வால் வரை. தோல் பட்டையில் எண்ணெய் படக் கூடாது என்று அதைக் கழற்றித் துணிக்கொடியில் மாட்டிவிடுவார்.

அப்படி ஒரு சனிக்கிழமை பக்கத்து மாடியில் பூனை ஒன்று நடந்து போனது. வரதன் மாமாவின் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு, படியில் உருண்டு, திறந்திருந்த கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. வாட்ச்மேன் எண்ணெய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "கெட்டியாதான் புட்ச்சேன் சார். அப்டியே வழுக்கிக்கினு பூட்ச்சு."

சத்தம் கேட்டுக் கேட்டில் கூடிவிட்ட எங்களைப் பார்த்து, யாரும் பதற வேண்டாம் என்று மாமா கையை உயர்த்தினார். இதற்காகத்தானே கருவி? ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டு, வரதன் பத்திரமாக மொட்டை மாடியில் இருக்கிறான் என்று அறிவித்தார். அவ்வளவு பேரும் மூச்சு வாங்க மேலே ஏறினோம். கொடியில் பட்டை ஆடிக்கொண்டிருந்தது.

மாமா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் உத்தரவு போடாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவனுக்கு ரோடே தெரியாதேப்பா" என்றார் என்னிடம்.

சாந்தோம் நெடுஞ்சாலையில் பஸ் வருகிற வேகம் எனக்குத் தெரியும். ஸ்கூட்டரை எடுத்தேன். ஈர வேட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டார். எந்தப் பக்கம் போவது என்று விழித்தபோது, டீக்கடைக்காரர் கையைத் துடைத்தபடி கடற்கரைப் பக்கம் காட்டினார். அவரும் பிடிக்கப் பார்த்தாராம். சாந்தோம் பஸ் ஸ்டாப்பில் ஒரு கண்டக்டர் டிக்கெட்டெல்லாம் எண்ணெயாகிவிட்டதென்று திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த திருப்பத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் முந்தானையைக் காட்டிச் சண்டைக்கே வந்தார். ஊரில் யார் கை வழவழவென்று இருக்கிறதோ அந்த வழியே போனோம். ஒவ்வொரு பஸ் சடன் பிரேக் போடும்போதும் மாமாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. அன்றைக்கு என்னாலும் கிண்டல் பண்ண முடியவில்லை.

நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் ஒரு அக்கா எங்களைக் கேட்காமலே கூப்பிட்டார். "எண்ண தேச்ச நாயத் தேடிக்கினு வர்றியா நைனா? தோ, ரெண்டு சங்கரா துன்னுட்டு போட்டாண்ட குந்திகினு கீது."

படகு நிழலில் வரதன் இருந்தது. உடம்பெல்லாம் மணல் ஒட்டி, ரவையில் புரட்டி எடுத்த மாதிரி. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக அது இருந்து நான் பார்த்ததில்லை. மீன் நாற்றத்துக்காக அந்தச் சாலையையே சுற்றிக்கொண்டு போகிற மாமா, மீன் கூடைகளுக்கு நடுவே நடந்து போய் அதன் முன்னால் நின்றார். ஏதோ கட்டளை சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

வரதன் எழுந்து வந்து, மீன் வாயோடு அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டது.

"நன்னா ஓடினியோடா?" என்றார் மாமா, அதன் தலையைத் தடவிக்கொண்டே.

மீன்கார அக்கா கிட்டே வந்து பார்த்தார். "இன்னாத்துக்கு நைனா அழுவுற? அதான் கெடச்சிச்சே."

"அழலைம்மா. எண்ணெய் கண்ணுல பட்டுடுத்து" என்றார் மாமா.

நாய் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவன் நான். அன்றைக்கு எண்ணெய் என் கண்ணிலும் பட்டிருந்தது.