பொருள்: கம்ப்யூட்டரில் நாற்பத்தெட்டு ஜிபி இடம் காலி செய்தல் தொடர்பாக

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமாக இல்லை. அங்கே நீங்களும் என் மகளும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை டைப் செய்து அனுப்பாமல் ஏன் கையால் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். டைப் செய்தேன். சேமித்தால் இருக்கிற கொஞ்ச இடமும் குறையுமே என்று சேமிக்காமல் விட்டுவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் போன் என்பது உங்கள் அத்தையின் கையில் முளைத்த ஆறாவது விரல். ஆகவே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் அன்போடு அனுப்பி வைத்தீர்களே ரயில் நிலையம் நடத்தும் விளையாட்டு, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். என்னிடம் "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, சரி, அம்மாகிட்ட குடுங்க" என்பாள். அவ்வளவுதான் எனக்கு ஒதுக்கீடு. அதன்பிறகு அம்மாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்பேன். இந்த விளையாட்டிலோ ஒருவர் தண்டவாளம் போட வேண்டும், இன்னொருவர் சிக்னல் கொடுக்க வேண்டும். "ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினாத்தான்பா ஒரு வண்டியாவது நகரும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் தண்டவாளம், நீங்க சிக்னல்" என்று அவளாகவே சொன்னாள். வாரம் ஒரு மணி நேரம் என் மகள் என்னோடு பேசுவாள், சிக்னலைப் பற்றியாவது பேசுவாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. போன ஞாயிறு அவள் அங்கே நாலு மணியிலிருந்து காத்திருந்தாள். இங்கே என் கம்ப்யூட்டர் "நாற்பத்தெட்டு ஜிபி வேண்டும், பதினொன்றுதான் இருக்கிறது" என்று கையை விரித்துவிட்டது. "பரவால்லப்பா, அடுத்த மாசம் முதல் ஞாயிறு பாத்துக்கலாம்" என்றாள். அந்தப் 'பரவால்ல' எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

முப்பத்தொரு வருடம் பதிவறையில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். இடம் காலி செய்வது எனக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையா என்ன? பழைய கோப்புகளை அழிப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. முதலில் பட்டியல். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு படி. படியும் மூலமும் ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுக் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் மூலத்தைக் கழிவுச் சாக்கில் போடலாம், அதுவும் முப்பது நாள் சாக்கிலேயே இருக்க வேண்டும், யாராவது ஆட்சேபணை தெரிவிக்கலாம் அல்லவா? என் காலத்தில் ஒரு காகிதம்கூடத் தவறுதலாக அழிந்ததில்லை. சரியாகச் சொன்னால், ஒரு காகிதமும் அழிந்ததே இல்லை.

அதே முறையை இங்கேயும் கடைப்பிடித்தேன். ஐந்து நாள் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு இனங்களுக்குப் பட்டியல் போட்டேன். 'முதல் படி' என்று ஒரு பெட்டி, 'இரண்டாம் படி' என்று ஒரு பெட்டி கம்ப்யூட்டருக்குள்ளேயே திறந்தேன். ஒவ்வொரு இனத்தையும் இரண்டிலும் நகல் எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, மூலத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். உங்கள் அத்தை நடுவில் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, "விளையாடுறதுக்கே இவ்வளவு வேலையா? வேலைக்குப் போறப்ப இதுல பாதி செஞ்சிருந்தா பெரிய பதவிக்குப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் மாலை, எவ்வளவு இடம் சேர்ந்திருக்கிறது என்று ஆசையாகப் பார்த்தால், பதினொன்றாக இருந்தது மூன்றாகியிருந்தது. அழிக்க அழிக்கக் குறைகிறது மாப்பிள்ளை! இப்படி ஒரு அநியாயத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எப்போதும் வாயில் திருப்புளியைக் கடித்துக்கொண்டே பேசுவதால் எங்கள் தெருவில் அவருக்குத் திருப்புளி என்றே பெயர். அவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவர் அதை எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"சார், காப்பி எடுத்து அதே டிஸ்க்லயே வச்சா எப்படி சார் இடம் வரும்?"

"பின்னே எங்க வைக்கிறது?"

"ஒரு பென்டிரைவ்ல போட்டு அலமாரியில வைங்க சார்."

"பதிவறையை விட்டு ஒரு காகிதம் வெளிய போகக்கூடாது தம்பி. அது விதி."

"அப்ப குப்பைத்தொட்டியையாவது காலி பண்ணிடுங்க."

"முப்பது நாள் ஆகலையே!"

அவர் திருப்புளியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டு, "சார், உங்க கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'கம்ப்யூட்டர்ல' என்பதை ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் போகிற போக்கில் உருப்படியாக ஒன்று செய்தார். எது அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் வழியைக் காட்டிக் கொடுத்தார். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது.

'மதியம்' என்று ஒரு பெட்டி. எழுபது ஜிபி! உங்கள் அத்தை போட்டு வைத்தது. உள்ளே இருநூற்றுப் பதினான்கு வீடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி, உங்கள் கல்யாணத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து வரிசையாக. அவளுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கோப்பு வைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சமையல் குறிப்பாக இருக்கும் என்று ஒன்றைத் திறந்தேன். படத்தில் எங்கள் படுக்கையறை மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. சத்தம் மட்டும் பழைய லாரி மேடு ஏறுவதுபோல் கேட்கிறது. இன்னொன்றைத் திறந்தேன். அதே மின்விசிறி, அதே லாரி. உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன்.

"இது என்ன சத்தம்?"

"தெரியலையா? நீங்கதான்."

மாப்பிள்ளை, எனக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. நான் குறட்டை விடுகிறேன் என்று உங்கள் அத்தையும், விடுவதில்லை என்று நானும் அன்றிலிருந்து சொல்லி வருகிறோம். இந்த ஒரு விஷயத்தில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக் கொடுத்ததில்லை. வேலையில் இருந்தவரை லீவு நாட்களிலும், இப்போது தினமும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பது வழக்கம், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து, பழைய போனை அலமாரியில் மல்லாக்க வைத்து, மூன்று வருடமாக ஒரு மனுஷி ஆதாரம் திரட்டியிருக்கிறாள் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

"இதை அழிச்சாத்தான் விளையாட்டுக்கு இடம் வரும்" என்றேன், தன்மையாகத்தான்.

"தாராளமா அழிச்சுக்கோங்க. 'நான் குறட்டை விடுவேன்'னு ஒரு தாள்ல எழுதி, தேதியோட கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் இது எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

கையெழுத்துப் போட மனம் வரவில்லை. போடாமல் அழிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் தன்னைப் பற்றிய கோப்பைத் தானே அழிப்பது பதிவறையில் பெருங்குற்றம். அப்படிச் செய்த ஒருவருக்கு நானே விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். முதல் ஞாயிற்றுக்கோ இன்னும் பதினாறு நாள்தான். இன்னொரு 'பரவால்லப்பா'வை என்னால் தாங்க முடியாது.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி. கல்யாணமான புதிதில் நீங்கள் எங்கள் வீட்டில் பதினொரு நாள், எங்கள் அறைக்கு அடுத்த அறையில்தான் படுத்திருந்தீர்கள். தினமும் காலையில் நான், "நல்லாத் தூங்கினீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்பேன். நீங்களும், "ரொம்ப நல்லாத் தூங்கினேன் மாமா" என்பீர்கள். கண் கொஞ்சம் சிவந்திருக்கும், பிரயாணக் களைப்பு. அதையே எழுத்தில் கொடுத்தால் போதும். 'மேற்படி பதினொரு நாட்களில் மேற்படி மாமனாரின் அறையிலிருந்து எவ்வித ஓசையும் என் காதில் விழவில்லை' என்று நாலு வரி. நடுநிலையான சாட்சி, படித்தவர், பொய் சொல்லாதவர். உங்கள் சான்று வந்துவிட்டால் 'மதியம்' என்பது பொய்க் கோப்பு ஆகிவிடும். பொய்க் கோப்பை விதிப்படி உடனே அழிக்கலாம். இந்த விஷயம் என் மகளுக்குத் தெரிய வேண்டாம். அவள் அம்மா பக்கம்.

வேறு விசேஷம் இல்லை. இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் அனுசரித்து, நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அத்தையின் அன்பையும் சேர்த்துக்கொள்ளவும். அவளிடம் கேட்கவில்லை, ஆனால் இருக்கிறது.

சான்றை எதிர்நோக்கும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அழிக்கப் போகும் கோப்புகளில் ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு வீடியோவை எடுத்து உட்கார்ந்தேன். இருபது நிமிடம் லாரி ஓடியது. இருபத்தோராவது நிமிடம் போன் மணி அடித்தது. உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறாள்.

"அம்மா, அப்பா தூங்கிட்டாரா? பதிவாகுதா? போன வாரத்துது பாதியிலயே நின்னுடுச்சும்மா. அதைப் போட்டுக்கிட்டாத்தான் எனக்கு இங்க தூக்கமே வருது. சின்ன வயசுலேர்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேக்கும். அப்பா இருக்காரு, பயமில்லைன்னு தூங்கிடுவேன்."

"மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையாடி?"

"அவரு பாவம்மா. காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுத்துக்குறார். மாமா மனசு கஷ்டப்படும், அவருக்குத் தெரிய வேண்டாம்னு அவருதான் சொல்லியிருக்காரு."

அதற்குப் பின்னாலும் லாரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று வருடமாக என் குறட்டையோடு குடித்தனம் நடத்துகிற உங்களிடமா நான் சான்று கேட்டேன்?

உடனே ஒரு தாளில் 'நான் குறட்டை விடுவேன்' என்று எழுதி, தேதி போட்டு, உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அவள் படித்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "எல்லாமே அவகிட்ட இருக்கு, இங்க எதுக்கு?" என்றாள். வேறிடத்தில் படி இருந்தால் மூலத்தை அழிக்க விதியில் தடை இல்லை. இருநூற்றுப் பதின்மூன்றை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் அன்றே காலி செய்தேன். விளையாட்டு ஏறிவிட்டது. மகளிடம் சொல்லுங்கள், முதல் ஞாயிறு நாலு மணிக்கு சிக்னல் தயார். மதியம் யோசிப்பதை மூன்றரைக்கே முடித்துக்கொள்கிறேன். மிச்சம் ஒன்றை, அவள் பேசியதை மட்டும், வைத்துக்கொண்டேன். மூலம், முதல் படி, இரண்டாம் படி.

தபால் பதிவேட்டில் எண் போட்டுவிட்டதால் இந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருக்க வழியில்லை. இதோடு ஒரு கட்டு நல்ல பஞ்சு வைத்திருக்கிறேன். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். படி எடுக்க வேண்டாம்.