இறக்கிய காரும் இறங்கிய ஆன்ட்டியும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். காரைத் தாழ்த்தி வைத்திருப்பவள் கண்ணுக்கு ரோட்டில் புடைத்திருப்பதெல்லாம் பேய்தான். மற்றவர்கள் சிக்னலைப் பார்த்து ஓட்டுவார்கள். நான் தரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

ஹைதராபாத்தில், தார்நாகாவில் வீடு. மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. போய்வர ஒரு பழைய குட்டிக் கார். அதன் டயருக்கும் மேலே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் போகும். இருபத்தாறு வயதில் அது எனக்குப் பெரிய அவமானமாகத் தெரிந்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கிற பெண் மாதிரி இருக்கிறதே என்று உப்பலில் ஒரு மெக்கானிக்கிடம் போய், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கச் சொன்னேன்.

"நக்கோ மேடம். தேக்னே கு மஸ்த், பைட்னே கு நக்கோ" என்றார். பார்க்கத்தான் ஜோர், உட்கார வேண்டாம் என்று அர்த்தம். அப்படியே செய்தாலும் ஷாக் அப்சர்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். நான் ஸ்பிரிங் போதும் என்றேன். (காது கொடுத்துக் கேட்கிற ஜென்மமாக இருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.)

அதற்குப் பிறகு அரை விரல்கூடப் போகவில்லை. கார் பார்க்க அம்சமாக இருந்தது. உள்ளே உட்கார்ந்தால், ரோட்டில் கிடக்கிற பீடித் துண்டைக்கூட இடுப்பு எண்ணிச் சொல்லும். தனியாகப் போகும்போது சமாளித்துவிடுவேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் அடி தட்டாது. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் வினை. வண்டி குந்திவிடும்.

இந்த நேரத்தில்தான் முரளியின் அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்றார்.

முரளியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். அவன் அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் ஊர் ஊராக மாறி ஹைதராபாத் வந்தவர். வீட்டில் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். எங்கள் குடும்பமோ வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்தது. எங்கள் தமிழில் பாதி தெலுங்கு, கால்வாசி ஹிந்தி, மிச்சம்தான் தமிழ். முரளியின் அப்பா சரி என்றுவிட்டார். அவன் அம்மாதான் பாக்கி.

"நாளைக்கு அம்மா தார்நாகா கோயிலுக்கு வாரா. நீ கார்ல கூட்டிட்டுப் போ. பேசிப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லுதா" என்றான் முரளி. கடைசியில், "அம்மாவுக்கு இடுப்பு வலி. தூக்கிப் போடாம ஓட்டு" என்றும் சேர்த்துக்கொண்டான். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் மல்லாபூரில் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா பட்டுப்புடவையில் வந்தார். நல்ல ஆகிருதி. அவருக்குப் பின்னால், கோயில் அன்னதானத்துக்கு ஒரு அரிசி மூட்டை வந்தது. மூட்டை டிக்கியில் ஏறியது. ஆன்ட்டி பின் சீட்டில் ஏறினார். கார் மெதுவாகக் குந்தியது.

"நீங்க வேல பாக்கது இங்க பக்கத்துலதானா?" என்று கேட்டார். நீங்க, வாங்க என்ற மரியாதை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"ஹவ் ஆன்ட்டி" என்றேன். எங்கள் ஊரில் ஹவ் என்றால் ஆமாம்.

"எப்படின்னு என்னயக் கேட்டா? நீங்கதான சொல்லணும்" என்றார்.

முதல் பள்ளத்தில் கார் குதித்தது. "முருகா" என்றார். இரண்டாவது பள்ளத்துக்கு இன்னொரு முருகா. ஒவ்வொரு முருகாவுக்கும் முரளி என்னைவிட்டு ஒரு அடி தள்ளிப் போவதாகத் தோன்றியது. முதல் ஸ்பீடு பிரேக்கரைக் குறுக்காகத் திருப்பி ஏறினேன். அடியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"கீழ என்னமோ ஒரசுத மாதிரி இருக்கே."

"ரோடு சரியில்ல ஆன்ட்டி."

ஒரு தொழிற்சாலை வாசலில் அடுத்தது வந்தது. அது ஸ்பீடு பிரேக்கர் இல்லை, குட்டிச் சுவர். குறுக்கே திருப்ப இடமில்லாமல் லாரிகள் நின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினேன். முன்சக்கரம் தாண்டியது. காரின் வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் வந்தது, கார் வரவில்லை. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

ஒரு ஆட்டோக்காரர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "ஆன்ட்டினி திம்பண்டி மேடம், பண்டி லேஸ்துந்தி" என்றார். ஆன்ட்டியை இறக்குங்கள், வண்டி எழும்பும்.

"அவன் என்ன சொல்லுதான்?"

என்னவென்று சொல்வது? உங்கள் கனம் தாங்காமல் கார் படுத்துவிட்டது என்று, மாமியாராகப் போகிறவரிடம், முதல் நாளே? "ஆன்ட்டி, கொஞ்சம் காத்தாட இறங்கி நிக்கலாமா?" என்றேன்.

மல்லாபூரில் கெமிக்கல் வாடை மூக்கைத் துளைக்கும் இடம் அது. ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். உடனே கார், எல்லோரும் பார்க்க, ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து நின்றது. ஆட்டோக்காரர் தலையாட்டினார். லாரிக்காரர் சிரித்தார். நான் மேட்டைத் தாண்டி நிறுத்தினேன். ஆன்ட்டி பட்டுப்புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து ஏறினார். கார் மறுபடி குந்தியது.

கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

"இங்கனயும் எறங்கணுமோ?" என்றார்.

அவரே இறங்கினார், நடந்தார், ஏறினார். அதற்கடுத்த மேட்டில் கேட்கவும் இல்லை. நான் பிரேக் போடும்போதே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முரளி போய்விட்டான், இனி வரமாட்டான் என்றே நினைத்தேன்.

திரும்ப ஏறி உட்கார்ந்தவர், முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அழுத்தமாக, "ஏட்டி" என்றார்.

தெலுங்கில் ஏன்ட்டி என்றால் 'என்ன'. இத்தனை வருடம் ஊர் ஊராக அலைந்தவர், கோபத்தில் தெலுங்கிலேயே கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். என்ன இது, என்ன கார் இது, என்ன பெண் நீ, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்ததாகப் பட்டது. அணை உடைந்தது.

"ஸ்பிரிங்கக் குட்டையாக்கிட்டேன் ஆன்ட்டி. பாக்க அழகா இருக்கும்னு. மெக்கானிக் நக்கோன்னாரு, நான்தான் கேக்கல. தினம் ஆபீஸ் போறதுக்குள்ள எனக்கே இடுப்பு ஒடியுது. வெளில சொல்ல வெக்கம். ஆட்டோக்காரர் உங்களத்தான் இறக்கச் சொன்னாரு. காத்தாடன்னு பொய் சொல்லிட்டேன். முரளிகிட்ட வேணாம்னு சொல்லிராதீங்க ஆன்ட்டி."

கண்ணாடியில் பார்க்கத் தைரியம் இல்லை.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். "ஒன்னயத்தான் ஏட்டின்னு கூப்ட்டேன்."

ஏட்டி என்பது அவர்கள் ஊரில் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற வார்த்தையாம். அது எனக்குத் தெரியாது. 'நீங்க' எப்போது காணாமல் போனது என்பதையும் நான் கவனிக்கவில்லை.

"கூப்ட்டது எதுக்குன்னா" என்று நிதானமாகத் தொடர்ந்தார். "டிக்கில அரிசி மூட்ட கெடக்குல்லா? அத எறக்கிப் பாக்கணும்னு ஒனக்குத் தோணலையாட்டி? மொதல்ல என்னயத்தான் எறக்கணுமாக்கும்?"

சத்தியமாகத் தோன்றவில்லை. பயத்தில் இருப்பவளுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பயம் மட்டும்தான் தெரியும், மூட்டை எங்கே தெரியும்?

அன்று சாயங்காலம் முரளி போன் செய்தான். அம்மா சரி என்றுவிட்டாராம். "புள்ளைக்குப் பொய் சொல்ல வரல. ரெண்டு மேட்டுக்குமேல தாங்கமாட்டா" என்று காரணம் சொன்னாராம். கல்யாணத்துக்கு முன்பே அதே மெக்கானிக்கிடம் போனேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஜோடியாக மாற்றினார். இப்போது இரண்டு விரல் போகிறது. காருக்கும் அழகு குறையவில்லை, யாருடைய இடுப்புக்கும் சேதமில்லை. குடும்பமே ஏறினாலும் அடி தட்டுவதில்லை.

ஆனாலும் என்ன, சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "அரிசிய வச்சிக்கிட்டு மாமியார எறக்கினவ" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார்கள். அத்தை இப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவார். தூரத்தில் ஒரு மேடு தெரிந்தால் போதும், கதவில் கையை வைத்துக்கொண்டு கேட்பார்:

"ஏட்டி, நானா, அரிசியா?"