முதல் வரியும் கடைசி வரியும்

இயற்பியலில் எந்த ஆராய்ச்சிக்கு மவுசு அதிகம் என்று அளந்து, பட்டியலில் கடைசியாக வரும் பிரிவை இழுத்து மூட வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்தது. ஆராய்ச்சிக் கழகத்தின் புள்ளிவிவர அலுவலர் அம்மா அதை இரண்டு தடவை படித்தார். அளக்க வேண்டியவர் அவர். உராய்வுப் பிரிவில் தன்னந்தனியாக உட்கார்ந்து, செருப்பு ஏன் ஒரு பக்கமாகவே தேய்கிறது என்று பதினெட்டு வருஷமாக ஆராய்கிறவர் அவருடைய வீட்டுக்காரர்.

அளக்கும் முறை எளிது. கட்டுரைத் தலைப்புகளை எண்ண வேண்டும். உள்ளே படிக்கக் கூடாது. படித்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று ஆணையே சொன்னது.

முதல் சுற்றில் குவாண்டம் நாற்பது, உராய்வு ஒன்று.

"ஏங்க, அந்தச் செருப்பை விட்டுத் தொலைச்சா என்ன?"

"எதுக்கு விடணும்? தலைப்பைத்தானே எண்ணுறீங்க?" என்றவர், மறுநாளே 'குவாண்டம் உராய்வு' என்று எழுதிக் கொடுத்தார். செருப்பு அதே செருப்புதான்.

விஷயம் பரவ அரை நாள் போதுமாயிருந்தது. குவாண்டம் ஒலி வந்தது, குவாண்டம் தூசி வந்தது. வெந்நீர் ஆறுவதை அளந்துகொண்டிருந்த மூத்த பேராசிரியர் மட்டும், "வெந்நீர் வெந்நீராத்தான் ஆறும்!" என்று முறுக்கிக்கொண்டார். அவர் நாற்காலியைத் தூக்க ஆள் வந்ததும் வழிக்கு வந்தார்.

இரண்டாம் சுற்றில் குவாண்டம் நூற்றுக்கு நூறு. வேறு பிரிவே இல்லை.

பாராட்ட வந்த மேலதிகாரி ஒரு கையில் கேடயமும் இன்னொரு கையில் பூட்டும் வைத்திருந்தார்.

"பூட்டு எதுக்குங்க சார்?" என்று அம்மா கேட்டார்.

"பட்டியல்ல ஒரே வரிதானேம்மா இருக்கு? மேலேர்ந்து பார்த்தா முதல், கீழேர்ந்து பார்த்தா கடைசி. ரெண்டு பக்கமும் பார்க்கிறதுதானே நடுநிலை?"

கேடயம் கொடுத்தார்கள், கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள், பூட்டினார்கள்.

அங்கேயும் அளக்கச் சொல்லி அம்மாவை வேதியியல் கழகத்துக்கு மாற்றினார்கள். முதல் நாளே அறை வாசலில் வரிசை நின்றது.

"அம்மா, தலைப்புக்கு முன்னாடி என்ன போட்டா பிழைக்கலாம்?"

"ஒண்ணும் போடாதீங்க," என்றார் பட்டுத் தெளிந்தவர். "யாராவது ஒருத்தர் கடைசியா வந்தாத்தான் மத்தவங்க தப்பிக்கலாம்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. உடனே கூட்டம் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி, அந்த ஒருத்தரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார்.