மூணாவது சீட்டுல கெடந்த துண்டு

காட்டுப்பாக்கம்
16-3-71, செவ்வாய்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பிரகாசம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மச்சினன் சத்தியராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கே நைனா, அம்மா லூர்தம்மாள், அக்கா ஞானகுமாரி, தாங்கள் இன்னும் கண்ணால் காணாத தங்கள் ஒன்றேகால் வயசுப் பாப்பா, நான், ஆக அஞ்சு பேரும் சொகம். அங்கே தங்கள் சொகத்தை அறிய ரெண்டு மாசமாய்த் தவிக்கிறோம். கடுதாசிக்கு அழகா இருக்கட்டும்னு எழுதல மச்சான், நெஜமாவே தவிக்கிறோம். பொங்கலுக்கு வந்ததுதான் உங்க கடைசிக் கடுதாசி. இங்கிலாந்துல தபால்காரங்க ஸ்ட்ரைக்னு பேப்பர்ல போட்டான், அதத்தான் நைனா தெனம் அக்காவுக்குப் படிச்சிக் காட்டுவாரு. ஸ்ட்ரைக் முடிஞ்சிபோச்சின்னு வந்த பேப்பரையும் அவரேதான் படிச்சாரு. அத மட்டும் அக்காவுக்குக் காட்டாம மடிச்சி கட்டில் காலுக்கு முட்டு குடுத்துட்டாரு.

இந்தக் கடுதாசிய நீங்க நின்னுகினு படிக்கணும். அதுவும் பஸ்ஸுக்குள்ள இருந்தா கண்டிப்பா நின்னுகினுதான் படிக்கணும். ஏன்னு சொல்றேன், பொறுமையா கேளுங்க.

கிறிஸ்மஸுக்கு நீங்க அனுப்புன பார்சல்ல ரெண்டு சாமான் இருந்துச்சி. ஒண்ணு, நீங்க கண்டக்டரா வேல பாக்கற பெல்டன் டேல் பஸ் கம்பெனியோட அம்பது வருச சரித்திரப் புஸ்தகம். இன்னொண்ணு, ஒரு சாம்பக் கலர் கம்பிளித் துண்டு. புஸ்தகத்த நான் சட்டைக்குள்ள வச்சிகினுதான் ஆவடி பட்டறைக்கே போறேன். டிக்சனரிய லேத்துக்குப் பக்கத்துல வச்சி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு, நாப்பத்தெட்டு பக்கமும் நானே படிச்சி முடிச்சிட்டேன், ஒரு வாத்தியாரையும் கேக்கல. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு, மிலிட்டரிக்காரன் கழிச்சிப்போட்ட லாரிய வாங்கி, மேல பெஞ்சி அடிச்சி, சந்தக் கடையில இருந்து ரயிலடிக்கு ஓட்டுனாங்க. முப்பத்தொண்ணுல மேல்கூர போட்ட புது வண்டி. நாப்பத்தேழுல பனி கொட்டி வண்டி மூணு நாளு புதைஞ்சி கெடந்துச்சி. அம்பத்தெட்டுல மாடி பஸ். அறுபத்தொம்பதுல கவர்மெண்டு கம்பெனியோட சேத்துட்டான், பேர மட்டும் வுட்டுவச்சான். எனக்கு சினிமாக்காரங்க பேரு ஒண்ணும் நிக்காது மச்சான், உங்க கம்பெனி வண்டி நம்பரு அத்தினியும் மனப்பாடம்.

இப்பதான் விசயம். புஸ்தகத்துல பதினோரு போட்டோ. பட்டறையில கீற பூதக்கண்ணாடிய வச்சி ஒண்ணொண்ணா பாத்தேன். பதினொண்ணுலயும் வண்டி நெறய சனம், வெள்ளக்காரங்க தொப்பி போட்டுகினு நிக்கிறாங்க, ஒரு பொம்பள கைக்கொழந்தையோட நிக்கிது. ஆனா எடது பக்கம் மூணாவது சீட்டு, சன்னலோரம், காலி. அதுமேல மடிச்சிப் போட்ட துணி. பெஞ்சி அடிச்ச லாரியிலயும் கீது, பனியில புதைஞ்ச வண்டியிலயும் கீது, மாடி பஸ்ல கீழ்ப்பக்கத்துலயும் கீது. வண்டி மாறுது, சனம் மாறுது, துணி மாறல. புஸ்தகம் எழுதுனவன் அதப் பத்தி ஒரு வரி எழுதல. மொத பக்கத்துல மட்டும் பேச்சோட பேச்சா ஒண்ணு சொல்றான். மொத நாளு மொத டிரிப்புல ஒரு ஆளு எடம் புடிச்சி வச்சிட்டு, யார்கிட்டயோ ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்னு எறங்குனானாம். இருவது நிமிசம் பாத்தும் அவன் வரலன்னு வண்டிய எடுத்துட்டாங்களாம். அதுல இருந்துதான் கம்பெனி முத்திரைக்குக் கீழ "ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்"னு போடறாங்களாம். நைனாகிட்ட படிச்சிக் காட்டுனேன். நல்ல கம்பெனிடா, நம்மாளு ஸ்டாப்புல நிக்கிற ஆளையே ஏத்தமாட்டான்னாரு.

பார்சலோட வந்த கடுதாசியில நீங்க எழுதுனத இப்ப சேத்துப் பாருங்க. பழைய வண்டிய ஒடைக்கப் போடும்போது, சீனியர் கண்டக்டர் அந்தத் துண்ட எடுத்து புது வண்டியில அதே சீட்டுல வைக்கணுமாம். யாருதுன்னு கேட்டதுக்கு, "ஆள் இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்களாம். நீங்க பூந்தமல்லி ஸ்டாண்டுல நாலு வருசம் விசில் ஊதுன ஆளு. துண்டு போட்டவன் வண்டி கெளம்பறதுக்குள்ள வரணும், ரெண்டு விசிலு குடுத்தாச்சின்னா துண்டுக்கு மரியாத கெடையாது, தூக்கிப் போட்டுட்டு வேற ஆள குந்தவைன்னு உங்களுக்கு சட்டம் அத்துப்படி. அந்த சட்டத்தக் கொண்டுபோய் பெல்டன் டேல்ல போட்டீங்க. வண்டி கெளம்பி அம்பது வருசம் ஆச்சி, இனிமே இன்னா துண்டுன்னு எடுத்து, தொவைச்சி, மாமனாருக்குக் குளிருக்கு ஆவும்னு பார்சல் பண்ணிட்டீங்க. இனிமே நீன்னே எழுதறேன் மச்சான், பயத்துல மரியாத வரல. இன்னா வேல பண்ணி வச்சிகீற நீ?

அந்தத் துண்டு காயல. பார்சல் பிரிக்கும்போதே ஈரம். அம்மா கொடியில போட்டாங்க, அம்மி மேல போட்டாங்க, கூரைல விரிச்சாங்க. பக்கத்துல போட்ட மொளகா சருகா ஆயிடுச்சி, இது மட்டும் அப்பதான் மழையில நனைஞ்சி வந்த மாதிரி, கரிப்பொக வாசனையோட கீது. சரின்னு நைனாவோட சாய்வு நாற்காலில போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நைனா நின்னுகினு சோறு துன்னாரு. அடுத்த நாளும் நின்னுகினு. மூணாவது நாளு அம்மா, "இன்னாய்யா, கல்யாண வூட்டுப் பந்தியா, குந்தேன்"ன்னாங்க. "எப்படிம்மே குந்தறது, ஆள் கீதே"ன்னாரு. சொல்லிட்டு சோத்தப் பெசைஞ்சிகினே கீறாரு, தான் சொன்னது தன் காதுல வுழல. அம்மா துண்ட எடுத்துட்டு என்னப் பாத்தாங்க, நான் அக்காவப் பாத்தேன், அக்கா பாப்பாவத் தூக்கிகினு உள்ள பூட்டா.

எனக்குப் புத்தி எங்க போச்சின்னு தெரியல, சோதிச்சிப் பாக்கலாம்னு தோணிச்சி. மாசி மொத வாரம் ஒரு நாளு காலம்பர ஷிப்டுக்குப் போகும்போது, பூந்தமல்லி ஸ்டாண்டுல ஆவடி பஸ்ஸு சன்னல் வழியா அந்தத் துண்டப் போட்டேன். எடது பக்கம், மூணாவது சீட்டு. நம்ம வேம்புலி தெரியுமில்ல, காய்கறி மூட்டைக்காரன், எவன் துண்டு போட்டாலும் எடுத்து மூஞ்சிய தொடச்சிட்டு அதுமேலயே குந்துவானே, அவன்தான் மொதல்ல ஏறுனான். குனிஞ்சான். நிமுந்தான். "மன்னிச்சிக்க பெரியவரே"ன்னுட்டு பின்னாடி பூட்டான் மச்சான். வேம்புலி வாயில மன்னிப்புன்ற வார்த்தைய நான் பொறந்ததுல இருந்து கேட்டதில்ல. நான் அந்த சீட்டுக்குப் பக்கத்துல, பாதை ஓரமா குந்தினேன். படிக்கட்டுல சனம் தொங்குது, எனக்குப் பக்கத்துல சன்னலோரம் காலி, ஒருத்தரும் கேக்கல. கண்டக்டர் கஜபதி வந்தாரு.

"ஆவடி ஒண்ணு"ன்னேன்.

"பக்கத்துல கீறவருக்கு?"

"யாரு அண்ணாத்தே?"

கஜபதி அந்தப் பக்கமே பாத்துகினு, "சரி, அவர் பாஸ் வச்சிகீறாரு போல"ன்னுட்டு அடுத்த சீட்டுக்குப் பூட்டாரு.

பருத்திப்பட்டு தாண்டி வயக்காட்டு நடுவுல வண்டி நின்னுச்சி. ஸ்டாப்பு கெடையாது. "ஏன்பா நிறுத்துன"ன்னு கஜபதி கேக்கறாரு, "நீதானே கயித்த இழுத்த"ன்றாரு டிரைவரு. "நான் எங்க இழுத்தேன், ரெண்டு கையிலயும் டிக்கெட்டு கீது"ன்றாரு கஜபதி. ஒருத்தரும் எறங்கல, ஒருத்தரும் ஏறல. ஆனா வழக்கம் பாரு, ஒரு ஆளு எறங்கற நேரம் வரைக்கும் சும்மா நின்னுட்டு, அப்புறம்தான் கஜபதி ரைட்டு குடுத்தாரு. நான் சன்னலோர சீட்டத் தொட்டுப் பாத்தேன். நைனா எழுந்து போனா நாற்காலி சூடா இருக்குமே, அந்த மாதிரி இருந்துச்சி. எறங்கி, துண்ட சுருட்டி அக்குள்ல வச்சிகினு, பட்டறை வரைக்கும் ஓடுனேன்.

இதெல்லாம்கூட போவட்டும். எனக்குத் தூக்கம் வராததுக்குக் காரணம் உன் கடைசிக் கடுதாசி. துண்ட எடுத்தப்புறமும் அந்த சீட்டுல ஒருத்தனும் குந்தமாட்டேன்றான், சும்மா காலியா போவுதேன்னு கால்வலிக்கு நானே குந்திக்கிறேன், சொகமா கீதுன்னு எழுதிகீற. அதுக்குக் கீழ, சிரிச்சிகினே எழுதுன மாதிரி, "நான் அங்கே உட்கார்ந்திருந்தால் யாரும் என்னிடம் டிக்கெட் கேட்பதில்லை, என்னைத் தாண்டி சன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள், டிரைவர்கூட கண்டக்டர் எங்கே என்று தேடுகிறார்"னு போட்டிருக்க. அக்கா அத தமாசுன்னு அம்மாவுக்குப் படிச்சிக் காட்டி சிரிச்சா. மறுநாளு அந்தக் கடுதாசிய பைபிளுக்குள்ள வச்சிட்டா. நான் நெனைக்கிறது இதான் மச்சான். அந்தத் துண்டு எடம் புடிக்கப் போட்டது இல்ல. அந்த எடத்துல வேற எவனும் தெரியாம குந்திடக் கூடாதுன்னு, அத்தினி வருசமா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காவல் வச்சது. வராமயே போன ஆளோட எடம் அது. அங்க குந்துனா நீயும் வராமயே போன ஆளுதான்.

அதனால துண்ட நேத்து திருப்பி அனுப்பிட்டேன். அம்மா காடாத் துணியில வச்சித் தச்சாங்க, தைக்கத் தைக்க துணி நனைஞ்சிது. போஸ்டாபீசுல பாரத்துல "பழைய துண்டு, ஒன்று"னு எழுதுனேன். உள்ள எதுவும் ஒழுவுதான்னு பார்சல் வாங்குனவரு கேட்டாரு, மழைன்னேன். வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது. பார்சல் வந்ததும் பிரி, தொவைக்காத, எடது பக்கம் மூணாவது சீட்டுல வச்சிடு, வச்சிட்டு ஒரு தந்தி குடு. அதுவரைக்கும் கால் ஒடைஞ்சாலும் நின்னுகினே வேல செய்.

நைனா ஆசீர்வாதம் சொல்றாரு. அம்மா, நீ போகும்போது பூந்தமல்லி சந்தையில வாங்கிக் குடுத்த செவப்புக் கட்டம் போட்ட துண்ட தலைக்குக் கட்டிக்க, பனி ஆவாதுன்றாங்க. பாப்பா உன் போட்டோவக் காட்டுனா கையத் தட்டுது. அக்கா ரெண்டு மாசமா தபால்காரரப் பாத்து வாசல்லயே நின்னுகினுதான் கீது. மாதா உன்ன பத்திரமா ஊடு கொண்டாந்து சேக்கட்டும்.

இப்படிக்கு, மச்சினன்,
சத்தியராஜ்

பின்குறிப்பு, புதன் மத்தியானம்: கடுதாசிய ஒட்டப் போனேன், உன் கடுதாசி வந்துச்சி. ஸ்ட்ரைக்தான் காரணமாம், நீ நல்லா கீறியாம். ஏப்ரல்ல லீவு, பாப்பாவப் பாக்க வரியாம். அக்கா ரெண்டு மாசத்துக்கு அப்புறம் ஒக்காந்து அழுதா. எல்லாரும் சிரிச்சிகினு கீறோம், அப்பதான் நான் கடைசிப் பக்கத்தப் படிச்சேன். லீவுல போனா உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவான்னு, உன் செவப்புக் கட்டம் போட்ட துண்ட அந்த மூணாவது சீட்டுல போட்டு வச்சிட்டேன்னு எழுதிகீற. சனம் உடனே தள்ளி நின்னுச்சி, நம்ம ஊரு மரியாத இங்கயும் வந்துடுச்சின்னு சந்தோசப்படற. மச்சான், அங்க துண்டு போட்டவன் திரும்பி வரமாட்டான், இப்ப அந்த ஆளு நீதான், அதனால நான் மேல எழுதுனது அத்தினியும் வுட்டுடு. என் பார்சல் வந்தா பிரிக்காத. சீட்டுல எந்தத் துண்டையும் வைக்காத. உன் துண்ட மொதல்ல எடு, லீவு வரைக்கும் நிக்காம இன்னிக்கே கெளம்பு. நீ போனதுல இருந்து நம்ம ஊட்டு பெஞ்சில நீ குந்தற எடத்துல அக்கா உன்னோட பழைய பச்சத் துண்ட போட்டு வச்சிகீது, நைனாகூட அங்க குந்தமாட்டாரு. ரெண்டு வருசமா வெயில் படற எடம் அது. இப்பதான் தொட்டுப் பாத்தேன். ஈரமா கீது.